கிணறு தோண்ட யாரைக் கேட்க வேண்டும்?

எண்ணெய், எரிவாயு உரிமங்களை இந்தியா இதுவரை நான்கு விதமாக வழங்கிப் பார்த்துவிட்டது. விதிகள் மாறின, ஒப்பந்தங்கள் மாறின. ஏலம் விடுவது, லாபத்தில் பங்கு வாங்குவது, தவறு செய்தால் தண்டிப்பது எல்லாமே ஒரே அமைச்சகத்தின் கையில் இருப்பது மட்டும் மாறவில்லை.

ராமநாதபுரம் பகுதியில் 20 சோதனைக் கிணறுகள் தோண்டப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கொடுத்தது, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். ஆகஸ்டில் விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும், அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாகவும், தமிழ்நாட்டில் எந்தப் பகுதியிலும் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை ஏற்க மாட்டோம் என்றும் மாநில அரசு அறிவித்தது.

பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான். ‘மாநில’ ஆணையம் கொடுத்த அனுமதியை மாநில அரசே எப்படி எதிர்க்கிறது? விடை சட்டத்தில் இருக்கிறது. பெயரில் மாநிலம் இருந்தாலும் அந்த ஆணையத்தை அமைப்பது மத்திய அரசு, மத்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின்கீழ். உறுப்பினர்களின் பெயரைப் பரிந்துரைப்பதோடு மாநிலத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

ராமநாதபுரத்துக்கு எரிவாயு புதிதும் அல்ல. காஞ்சிரங்குடி, பெரியபட்டினம் வயல்களிலிருந்து எடுத்த வாயுவில்தான் வழுதூர் மின் நிலையம் ஓடியது. ஆக, இந்தச் சண்டையை எண்ணெய் வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்விக்குள் அடக்க முடியாது. யார் முடிவெடுக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் எடுக்கிறார்கள், ஊருக்கு எப்போது தெரிகிறது என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கேள்வி. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களில் எழுந்ததும் அதே கேள்விதான்.

நிலம் மாநிலத்தில், அதிகாரம் டெல்லியில்

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 53-வது இனம், எண்ணெய் வயல்களின் ஒழுங்குமுறையையும் வளர்ச்சியையும் நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. குஜராத் அரசு 2001-இல் எரிவாயுவுக்கென்று தனிச் சட்டம் போட்டுப் பார்த்தது. இயற்கை எரிவாயு முழுக்க மத்திய அரசின் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லிவிட்டது. கடலுக்கு அடியில் இருப்பது 297-வது பிரிவின்படி நேரடியாக மத்திய அரசுக்கே சொந்தம்.

ஆனால் தரையில் ஒரு நெளிவு உண்டு. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தின்கீழ் வந்த 1959-ஆம் ஆண்டின் விதிகள், நிலப்பகுதியில் ஆய்வு உரிமத்தையும் உற்பத்திக் குத்தகையையும் மத்திய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு வழங்கும் என்று வகுத்தன. நிலத்தில் எடுக்கப்படும் எண்ணெய்க்கான ராயல்டியும் மாநிலத்துக்கே வரும். வயலை வரைவது டெல்லி, ஏலம் விடுவது டெல்லி, ஒப்பந்தம் போடுவது டெல்லி. கடைசியில் உரிமத்தில் கையெழுத்துப் போட மட்டும் சென்னை.

அந்தக் கையெழுத்தில்தான் மாநிலத்தின் முழு பலமும் இருக்கிறது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, கண்டறியப்பட்ட சிறு வயல்கள் திட்டத்தில் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசல். செய்தி வந்த சில நாட்களில் ஊர் திரண்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். மாநில அரசு குத்தகை வழங்கவில்லை. திட்டம் தொடங்கவே இல்லை. ஏலத்தில் ஜெயித்த நிறுவனம் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

இது யாருக்குமே நல்லதில்லை. முதலீடு செய்ய வந்தவருக்கு நிச்சயம் இல்லை. மாநிலத்துக்குச் சட்டபூர்வமான பேச்சுரிமை இல்லை. இழுத்தடிப்பது ஒன்றே வழி. ஊருக்கோ, தெருவில் உட்கார்ந்தால்தான் பதில் கிடைக்கும் என்ற பாடம்.

நியமனத்திலிருந்து ஏலத்துக்கு

அசாமின் டிக்பாயில் 1889-இல் எண்ணெய் கிடைத்தது; 1901-இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, எண்ணெய் அரசின் கையில்தான் இருக்க வேண்டும் என்று வாதாடிய கேசவ் தேவ் மாளவியாவின் முயற்சியில் 1956-இல் ஓஎன்ஜிசி ஆணையமாக உருவெடுத்தது. காம்பே, அங்கலேஷ்வர், 1974-இல் பாம்பே ஹை என்று வயல்கள் அடுத்தடுத்து கிடைத்தன. அந்தக் காலத்தில் ஏலம் என்ற பேச்சே இல்லை. இந்தப் பகுதி உனக்கு என்று பொதுத்துறை நிறுவனத்துக்கு அரசு நியமித்துக் கொடுத்துவிடும். காவிரிப் படுகையின் நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் கிணறுகள் அந்த வழியில் வந்தவை.

1991-இன் அந்நியச் செலாவணி நெருக்கடி கதவைத் திறக்க வைத்தது. ஓஎன்ஜிசி கண்டுபிடித்திருந்த பன்னா-முக்தா, தப்தி, ராவா போன்ற வயல்கள் 1994-இல் தனியார் கூட்டுக்குப் போயின. 1999-இல் புதிய ஆய்வு உரிமக் கொள்கையின், அதாவது நெல்ப்பின், முதல் ஏலம் நடந்தது. ஓஎன்ஜிசியும் மற்றவர்களைப் போல ஏலத்தில் நிற்க வேண்டும், அந்நிய முதலீடு நூறு சதவீதம் வரலாம் என்பது புது விதி. ஒன்பது சுற்றுகளில் 254 பகுதிகள் கைமாறின.

நெல்ப்பின் உயிர் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் இருந்தது. நிறுவனம் தன் பணத்தைப் போட்டுத் தோண்டும். எண்ணெயோ வாயுவோ வந்தால், முதலில் போட்ட செலவை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதை லாபமாக அரசும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும். போட்ட முதலைப் போல எத்தனை மடங்கு நிறுவனம் திரும்ப எடுத்துவிட்டதோ, அதற்கேற்ப அரசின் பங்கு ஏறும். காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் செலவு கூடக் கூட அரசின் பங்கு ஏறும் நாள் தள்ளிப்போகும். அப்படியானால் ஒவ்வொரு செலவையும் அரசு சரிபார்க்க வேண்டும். அதற்கு எண்ணெய்த் தொழிலை நிறுவனத்தைவிட நன்றாக அறிந்த, யாருக்கும் கட்டுப்படாத ஒரு கண்காணிப்பாளர் தேவை. அந்த ஆள் இல்லாமலே ஆட்டம் தொடங்கியது.

கேஜி-டி6 கற்றுக்கொடுத்தது

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் டி6 பகுதி நெல்ப்பின் முதல் சுற்றிலேயே ரிலையன்ஸ்-நைகோ கூட்டுக்குக் கிடைத்தது. 2002-இல் பெரிய எரிவாயுக் கண்டுபிடிப்பு. 2004-இல் கொடுத்த வளர்ச்சித் திட்டத்தில் செலவு சுமார் 240 கோடி டாலர். நாளுக்கு 4 கோடி கன மீட்டர் வாயு. 2006-இல் திருத்திய திட்டத்தில் வாயு இரட்டிப்பாகி 8 கோடி கன மீட்டர் ஆனது. செலவோ மூன்றரை மடங்குக்கும் மேல் ஏறி சுமார் 880 கோடி டாலரைத் தொட்டது.

2009 ஏப்ரலில் வாயு வந்தது. 2010-இல் நாளுக்கு 6 கோடி கன மீட்டரை எட்டியது. பிறகு சரிவுதான். சொன்ன 8 கோடியை அந்த வயல் ஒருபோதும் தொடவில்லை. அதை நம்பிக் கட்டிய எரிவாயு மின் நிலையங்கள் நாடு முழுவதும் வாயு இல்லாமல் முடங்கின.

2011-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, மத்தியத் தணிக்கை அமைப்பான சிஏஜியின் அறிக்கை, ஒப்பந்தப்படி கட்டம் கட்டமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பரப்பைக் கொடுக்காமல், பகுதி முழுவதையுமே கண்டுபிடிப்புப் பரப்பு என்று அறிவித்து நிறுவனம் வைத்துக்கொள்ள பெட்ரோலிய அமைச்சகமும் அதன்கீழ் உள்ள ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகமும் விட்டுவிட்டன என்று சுட்டிக்காட்டியது. செலவை எடுத்துக்கொள்ளும் உரிமையில் ஒரு பகுதியை அரசு பின்னர் மறுத்தது. வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போனது. பக்கத்து வயலிலிருந்து ஓஎன்ஜிசியின் வாயு ரிலையன்ஸ் கிணறுகளுக்கு நகர்ந்ததா என்பது இன்னொரு வழக்கு. 2018-இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளியது. அடுத்த மாதமே அரசு 281 கோடி டாலர் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

இதற்கிடையே, அம்பானி சகோதரர்களின் வாயு விலைச் சண்டையில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் அடிப்படையை உறுதி செய்திருந்தது: பூமிக்குள் இருக்கும் வாயு நாட்டுக்குச் சொந்தம், நிறுவனம் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்தான், விலையையும் பயன்பாட்டையும் தீர்மானிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. சொத்து யாருடையது என்பது தெளிவாகிவிட்டது. அதைக் காவல் காப்பது யார் என்பது மட்டும் தெளிவாகவில்லை.

கணக்கே கேட்காத ஒப்பந்தம்

செலவுக் கணக்கில் பட்ட சூட்டுக்குப் பிறகு, 2016 மார்ச்சில் மத்திய அரசு ஹெல்ப் என்ற புதிய கொள்கையைக் கொண்டுவந்தது. எண்ணெய், வாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம். செலவு எவ்வளவு ஆனாலும் அது நிறுவனத்தின் பாடு. வருகிற வருவாயில் முதல் நாளிலிருந்தே அரசுக்கு இத்தனை சதவீதம் என்று ஏலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குச் சண்டைக்கு இடமே இல்லாமல் செய்வது நோக்கம்.

2017-இல் வந்த திறந்த பரப்பு உரிமத் திட்டம் இன்னொரு படி போனது. தேசியத் தரவுக் களஞ்சியத்தில் நிலவியல் தகவல்களைப் பார்த்து, தனக்கு வேண்டிய பகுதியை நிறுவனமே வரைபடத்தில் வெட்டிக் கேட்கலாம். பிறகு அது ஏலத்துக்கு வரும்; முதலில் கேட்டவருக்குக் கூடுதலாக 5 மதிப்பெண். 2018-இல் முதல் சுற்றின் 55 பகுதிகளில் 41-ஐ வேதாந்தா எடுத்தது. காவிரிப் படுகையிலும் வேதாந்தாவுக்கு இரண்டு, ஓஎன்ஜிசிக்கு ஒன்று.

எதிர்பார்த்த வேகம் வரவில்லை. 2019-இல் அரசு மறுபடி இறங்கி வந்தது: இன்னும் உற்பத்தி தொடங்காத படுகைகளில் வருவாய்ப் பங்கே வேண்டாம், வேலைத் திட்டம் இருந்தால் போதும் என்றது, கொள்ளை லாபம் வந்தால் மட்டும் பங்கு. அப்படியும் உலகப் பெரும் எண்ணெய் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒதுங்கியே நிற்கின்றன. 2011-12-இல் 3.8 கோடி டன்னாக இருந்த உள்நாட்டுக் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2023-24-இல் 2.9 கோடி டன்னாகச் சுருங்கியது. அந்த ஆண்டு தேவையில் சுமார் 88 சதவீதம் இறக்குமதி.

நிறுவனங்கள் தயங்குவதற்கு நிலவியல் மட்டுமே காரணம் அல்ல. ஒப்பந்தம் போட்டபின் விதி மாறும் என்ற அச்சமும் உண்டு. கச்சா விலை எகிறிய 2022 ஜூலையில் திடீர் லாப வரி வந்தது. 2024 டிசம்பரில் போனது. ராஜஸ்தானின் பார்மரில் எண்ணெய் கண்டுபிடித்த கெய்ர்ன் மீது பின்தேதியிட்டுப் போட்ட வரி, சர்வதேச நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றபின் 2021-இல் சட்டத் திருத்தத்தோடு கைவிடப்பட்டது. நிலையான விதியும் நம்பத்தக்க நடுவரும் இல்லாத இடத்தில் சலுகையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பணம் வராது.

ஒரு கிணறு, எத்தனை கதவுகள்?

நிலப்பகுதியில் ஒரு நிறுவனம் இன்று கடக்க வேண்டிய படிகள்:

1. பகுதியை வரைந்து விருப்பம் தெரிவித்தல்: ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம்.
2. ஏலம், தேர்வு, ஒப்பந்தம்: பெட்ரோலிய அமைச்சகம்.
3. ஆய்வு உரிமம்: மத்திய ஒப்புதலோடு மாநில அரசு.
4. சோதனைக் கிணற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி: மாநில அளவிலான ஆணையம். 2020 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை.
5. இசைவாணை: மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.
6. எண்ணெய் கிடைத்தால் உற்பத்திக் குத்தகையும் புதிய சுற்றுச்சூழல் அனுமதியும். ஊரின் கருத்தைக் கேட்பது இந்தக் கட்டத்தில்தான்.

ஆறாவது படிக்கு வருவதற்குள் நிறுவனம் பல கோடி ரூபாயைச் செலவழித்திருக்கும். அப்போது வேண்டாம் என்று சொல்லும் மக்களை முன்னேற்றத்தின் எதிரி என்று பேசுவது சுலபம். முதல் படியில் கேட்டிருந்தால் இரு தரப்புக்கும் நஷ்டம் இல்லை.

ஆடுபவரே நடுவர்

ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் 1993-இல் அரசுத் தீர்மானம் ஒன்றின் மூலம் உருவானது. நாடாளுமன்றச் சட்டம் அதற்கு இல்லை. பெட்ரோலிய அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதிகாரிகளில் பலர் ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா போன்ற நிறுவனங்களிலிருந்து அயல்பணியில் வருகிறவர்கள். நேற்று தோண்டியவர் இன்று மேற்பார்வை செய்கிறார், நாளை மீண்டும் தோண்டப் போகிறார். 2006-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் தனி அதிகாரம் உள்ளதுதான். ஆனால் அதன் எல்லை குழாய்ப் பாதை, நகர எரிவாயு விநியோகம் போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. கிணற்றுப் பக்கம் அது வர முடியாது.

பாதுகாப்பிலும் இதே கதை. நிலத்துக் கிணறுகளைத் தொழிலாளர் அமைச்சகத்தின்கீழ் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பார்க்கிறது. கடல் கிணறுகளைப் பார்க்கும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகமோ பெட்ரோலிய அமைச்சகத்தின் ஓர் அங்கம்.

மற்ற நாடுகள் இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துக் கற்றன. 1988 ஜூலையில் வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். விசாரித்த கல்லன் பிரபு, உரிமம் வழங்கும் எரிசக்தித் துறையிடமிருந்து பாதுகாப்பு மேற்பார்வையைப் பிரிக்கச் சொன்னார், பிரிட்டன் பிரித்தது. 2010-இல் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபின், குத்தகை, வருவாய், பாதுகாப்பு மூன்றையும் ஒன்றாக வைத்திருந்த அமைப்பை அமெரிக்கா மூன்றாக உடைத்தது. நார்வேயோ விபத்துக்குக் காத்திருக்கவில்லை. கொள்கைக்கு அமைச்சகம், வணிகத்துக்கு அரசு நிறுவனம், மேற்பார்வைக்குத் தனி இயக்குநரகம் என்று 1972-லேயே பிரித்து வைத்தது.

நம்மிடமும் எச்சரிக்கைகளுக்குப் பஞ்சம் இல்லை. 1995-இல் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் ஓஎன்ஜிசி கிணறு இரண்டு மாதத்துக்கும் மேல் எரிந்தது. 2020 மே மாதம் அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியாவின் கிணறு வெடித்து வாயுவைக் கக்கியது. ஜூனில் தீப்பற்றி இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். நவம்பரில்தான் அணைந்தது. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது, பதில் கேட்டுத் திரண்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும்.

2025-இல் எண்ணெய் வயல்கள் சட்டத்தைத் திருத்தும் வாய்ப்பு வந்தது. 1948-இல் எழுதிய ஆறு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் போய், 25 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று ஆனது. மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 10 லட்சம் வரை. குத்தகைக்காரருக்குப் பாதகமாக விதியை நடுவில் மாற்றுவதற்குத் தடையும் வந்தது. இரண்டும் தேவையான மாற்றங்கள். ஆனால் தண்டத்தை விதிப்பது யார்? மத்திய அரசு நியமிக்கும், இணைச் செயலாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் உண்டு. முதல் விசில் மட்டும் அரசின் கையிலேயே.

டெல்டாவின் பதில்

காவிரி டெல்டாவின் மன்னார்குடி நிலக்கரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு 2011 தொடக்கத்தில் மாநில அரசே புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. விவசாயிகள் எதிர்த்தார்கள், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். அந்த ஒப்பந்தத்துக்குப் பின் வந்த அரசு திட்டத்தை நிறுத்தியது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது: தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் உள்ளடக்கிய நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளுக்குத் தடை.

அந்தச் சட்டத்தின் ஓட்டைகளும் தெரிந்தவைதான். ஏற்கெனவே இயங்குவதை அது தொடாது. கடலை அது எட்டாது. ராமநாதபுரமும் சிவகங்கையும் அதில் இல்லை. டெல்டாவில் ஹைட்ரோகார்பன் திட்டங்களின் பாதிப்பை ஆராய மாநில அரசு 2021-இல் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையை வெளியிடும்படி விவசாயச் சங்கங்கள் கேட்டுவருகின்றன. டெல்லியிடம் வெளிப்படைத்தன்மையைக் கேட்கும் சென்னை, தன் மேசையில் இருப்பதை முதலில் வெளியே வைக்க வேண்டும்.

இன்னொரு அநீதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நிலக்கரியும் இரும்பும் வெட்டும் மாவட்டங்களுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. தோண்டுகிறவர் கட்டும் தொகையிலிருந்து பாதிக்கப்பட்ட ஊருக்குக் குடிநீர், பள்ளி, மருத்துவம் கிடைக்க வேண்டும் என்பது 2015-இல் வந்த விதி. அது சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் இருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே. ராயல்டி மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. கிணறு இருக்கும் ஊராட்சிக்கு அதில் சட்டப்படியான தனிப் பங்கு இல்லை.

செய்ய வேண்டியது

முதலாவது, கிணற்றுப் பக்கத்துக்கும் ஒரு சட்டபூர்வ ஒழுங்குமுறை ஆணையம். ஏலம் விடும் அமைச்சகத்துக்கு அல்லாமல் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வதாக, அயல்பணி ஆட்களை நம்பாமல் சொந்த நிபுணர்களோடு அது இருக்க வேண்டும். இரண்டாவது, வரைபடத்தில் ஒரு பகுதி ஏலத்துக்கு வரும் முன்பே மாநில அரசையும் அந்த ஊராட்சிகளையும் கேட்பது கட்டாயமாக வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தங்களும், எந்தக் கிணறு இயங்குகிறது, எது கைவிடப்பட்டது, எது முறையாக மூடப்பட்டது என்ற பட்டியலும் தமிழில் பொதுவெளிக்கு வர வேண்டும். நான்காவது, கிணறு இருக்கும் ஊருக்கு ராயல்டியில் ஒரு பங்கு.

இதில் எதுவும் எண்ணெய்க்கு எதிரானது அல்ல. பத்தில் ஒன்பது பங்கு கச்சா எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாடு, உள்ளே இருப்பதைத் தேடத்தான் செய்யும். ஆனால் ஊரைக் கேட்காமல் வரையும் பகுதி நெடுவாசலாகத்தான் முடியும் என்பதை 2017-க்குப் பிந்தைய ஆண்டுகள் காட்டிவிட்டன. அடுத்த ஏலச் சுற்றை அறிவிக்கும் முன் நடுவரை நியமியுங்கள். இல்லையென்றால் இந்த ஆட்டத்தில் தோற்பவர்கள் முதலீட்டாளர், மாநிலம், விவசாயி மூவருமே.